கிளட்ச் இல்லாத வண்டி

ராசப்பனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. பதினாறு வருடம் சத்தியமங்கலம் மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். 1988இல், பாதி மலையில் டயர் மாற்றும்போது ஜாக்கி சரிந்தது. அதற்கப்புறம் ஐந்து வருடம் மேட்டுப்பாளையம் வாழைத்தார் மண்டியில் உட்கார்ந்து தார் எண்ணினார். மனைவி பழனியாத்தாள் நூல் மில்லுக்குப் போய்க் குடும்பத்தை நடத்தினாள். மண்டி வேலை எப்படி என்று கேட்டால், எண்ணினால் தூக்கம் வருகிறது, ஸ்டியரிங் பிடித்தால் வராது என்பார்.

நான் அப்போது சிங்கப்பூரில் பள்ளி ஆசிரியை. காரமடைக்கு மேற்கே அப்பா விட்டுப்போன வாழைத்தோட்டத்தை அங்கிருந்து கவலைப்பட்டே நடத்திக்கொண்டிருந்தேன். 1993இல் நான் லீவில் வந்திருந்தபோது ஒரு பழைய டீசல் பிக்கப் ஏலத்துக்கு வந்தது. ஏதோ அணை வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போனது. தானாகவே கியர் மாறும் வண்டி என்றதும் ஒருவரும் கிட்டே வரவில்லை. ராசப்பன் மட்டும் என்னிடம் ஆள் அனுப்பினார். இரண்டே பெடல், ஒரு கால் போதும், எடுத்தால் தானே ஓட்டுவதாகச் சொல்லியிருந்தார். லைசென்ஸ் செல்லுமா என்று நான் மூன்று முறை கேட்டேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதி வாங்கிய காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். வண்டியை எடுத்தேன்.

இரண்டு வருடம் நன்றாக ஓடியது. 1995 மே மாதம் நான் லீவில் வந்தபோது கியர் தகராறு செய்துகொண்டிருந்தது. சமதரையில் குற்றமில்லை. நாற்பது தார் ஏற்றிக்கொண்டு தோட்டத்து மேட்டில் ஏறினால், மூன்றாவது கியர் விழ வேண்டிய இடத்தில் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. பிறகு ஒரு குலுக்கலோடு பிடித்துக்கொண்டு கிளம்பும். ஒருநாள் பின்னால் நாலடி உருண்டு, பால்காரரின் சைக்கிளை வளைத்துவிட்டது.

மேட்டுப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த உமர் பாரூக் வந்து ஓட்டிப் பார்த்தார். அந்த கியர் பெட்டிக்குள் ஒரு பம்ப் இருக்கிறது, அது தள்ளுகிற ஆயில்தான் பிளேட்டுகளை அழுத்தி கியரை மாற்றுகிறது, பிளேட் தேய்ந்துவிட்டது, கோவையில் ஸ்பேர் கிடைக்காது என்றார். கழற்றி எறிந்துவிட்டு வேன் கியர்பாக்ஸ் ஒன்றை மாட்டி, கிளட்ச் பெடல் வைத்துவிடலாம், மூன்று நாள் வேலை. அடுத்த முறை பின்னால் உருண்டால் சைக்கிளோடு போகாது என்று பயந்தேன். வியாழக்கிழமை வண்டியை அவரிடம் விடுவதாகச் சொல்லிவிட்டேன். கிளட்ச் பெடல் வந்தால் ராசப்பன் மறுபடி மண்டிக்குத் தார் எண்ணப் போக வேண்டியதுதான். அது எனக்கும் தெரியும், உமருக்கும் தெரியும்.

“கிளட்ச் இல்லாத வண்டியும் கால் இல்லாத டிரைவரும் நல்ல ஜோடியா இருந்தீங்கண்ணா. பிரிக்கறதுக்கு எனக்கே சங்கடமா இருக்குது” என்றார் உமர்.

“இருக்கற ஒரு காலு உன்னைய உதைக்கப் பத்தும் பாய்” என்றார் ராசப்பன்.

உமர் போன பிறகு ராசப்பன் என்னிடம் ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டார். “நோவு என்னன்னு தெரியாம கால வெட்டக் கூடாதுங்க அம்மணி.”

மறுநாள் காலை லோடு ஏற்றி, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறினார். இன்ஜின் கத்தத் தொடங்கியதும் நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மேலே போய் ஓரங்கட்டி, கியரை நியூட்ரலில் போட்டார். இன்ஜினை அணைக்கவில்லை.

“கெணத்துல தண்ணி எறங்கிப்போச்சுன்னா மோட்டாரு இப்படித்தானுங்க கத்தும். அடியில இருக்கற ஃபுட்வால்வு காத்து வாங்கும், பைப்புல தண்ணி வராது. உள்ள பம்பு இருக்குதுன்னு பாய் சொன்னானல்லங்க? அதுக்கு ஆயிலு பத்துலீங்க.”

லாரிக்குப் போகும்முன் சின்ன வயதில் அவர் பண்ணையத்தில் மோட்டார் போட்டு, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர். பானெட்டைத் தூக்கி, ஓடுகிற இன்ஜினிலேயே கியர் ஆயில் அளவுகம்பியை உருவினார். நுனியில்கூட ஆயில் இல்லை. இன்ஜினை அணைத்து, அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி உருவினார். ஓடும்போது பம்ப் மேலே இழுத்திருந்த ஆயிலெல்லாம் இறங்கி, மேல்கோட்டில் நின்றது.

ராசப்பன் கண்ணாடிக்கு மேலே செருகியிருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் கையெழுத்து. வண்டி வாங்கிய புதிதில், ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து நான் அவருக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்தது. ‘வாரம் ஒருமுறை கியர் ஆயில் பார்க்கவும். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது.’ எல்லா லாரி டிரைவர்களையும்போல அவரும் காலையில் வண்டி எடுக்கும் முன்னால், குளிர்ந்த இன்ஜினில் பார்த்திருக்கிறார். கோட்டைத் தாண்டி இருந்தபோதெல்லாம் சின்ன டியூப் விட்டு, தாண்டியதை மட்டும் உறிஞ்சி எடுத்திருக்கிறார். அப்படி எடுத்தது ஷெட்டில் மூன்று பாட்டில் இருந்தது.

“நாந்தானுங்க அம்மணி கெடுத்துப்போட்டேன்” என்றார். “கியர்பாக்ஸ மாத்தறதானா மாத்திக்குங்க.”

வீட்டுக்கு வந்து கையேட்டைத் தேடி எடுத்தேன். இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது, நியூட்ரலில் பார்க்க வேண்டும் என்று தனி வரியாகவே போட்டிருந்தது. அதை நான் பார்க்காமல் இல்லை. ஓடுகிற இன்ஜினில் கையை விட்டு, ஃபேன் பெல்ட்டில் விரல் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்து, வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். ஷெட்டுக்குப் போய் அவரிடம் அதைச் சொன்னேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “போன காலு போச்சு, வெரலாச்சும் மிஞ்சட்டும்னு உட்டுப்போட்டீங்களாக்கும்?” என்றார். பிறகு சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் கோவையிலிருந்து புது ஆயில் வந்தது. இன்ஜினை ஓடவிட்டு, நான் கம்பியை உருவிப் பார்க்க, அவர் புனல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். வியாழக்கிழமை உமர் வந்து மூன்று முறை மேடேறிப் பார்த்தார். கத்தல் நின்றிருந்தது, மூன்றாவது விழும்போது சின்னக் குலுக்கல் மட்டும் மீதி. ஆயில் இல்லாமல் ஓடியதில் பிளேட் பாதி கருகியிருக்கும் என்றார். நாற்பது தார் ஏற்றினால் ஒரு மாதம் தாங்காது, இருபது என்றால் வருடக்கணக்கில் ஓடலாம். பெடல் வைப்பதா வேண்டாமா என்று உமர் கேட்டபோது ராசப்பன் என்னைப் பார்க்கவில்லை, பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றேன்.

இனி ஒரே லோடை இரண்டு நடையாகப் பிரித்து அடிக்க வேண்டும். வேலை இரட்டிப்பாகிறதே என்று ராசப்பனிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

“ரெண்டு நடையா?” என்று கேட்டார். வாசலிலேயே ஆட்களைக் கூப்பிட்டு, ஏற்றியிருந்ததில் பாதித் தாரை இறக்கச் சொன்னார். ஊன்றுகோலை உள்ளே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

“இதக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வாரேனுங்க அம்மணி. மீதி ரெண்டாம் நடைக்கு அங்கியே இருக்கட்டும்.”