தவிடு காணாமல் போன மத்தியானம்

எங்கள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் இந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு. எங்கோ ஒரு கிராமத்தில், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைக் காணவில்லை. போலீஸ் தேடுகிறது, நாய் தேடுகிறது, டிவிக்காரர்கள் தேடுகிறார்கள். காக்ஸ் டவுனில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தபடி நாங்களும் தேடுகிறோம். நேற்று கணக்கு மிஸ் தன் போனை எல்லோர் மூக்குக்கும் நேராக நீட்டினார்.

"இந்த வீடியோவைப் பாருங்க மிஸ். பெத்த அம்மா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இருக்கா? இவளுக்கு ஏதோ தெரியும்."

சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்த ஹிந்தி மிஸ், "நம்ம குழந்தைன்னா நாம இப்படியா நிப்போம்" என்றார். நான் டிபன் பாக்ஸை மூடினேன். எழுந்து போய்க் கை கழுவினேன். குழந்தையைக் காணோம் என்ற நேரத்திலும் அழாத ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். அவள் என் சித்தி.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாங்கள் ஈஜிபுராவில் ஒரு ரூம் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவும் அம்மாவும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். கோடை லீவு விட்டால் என்னை எங்கே வைப்பது என்று தெரியாமல், அத்திபெலேக்கு அந்தப் பக்கம் இருந்த சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு நிம்மதி, எனக்குக் கொண்டாட்டம். சித்தப்பா சாமந்தித் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தார். வீடு முழுக்க சாமந்தி மூட்டைதான். லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனால் பக்கத்தில் உட்காருகிற பெண் என் பாவாடையை முகர்ந்து பார்த்து, "கோயிலுக்குப் போய்ட்டு வந்தியா?" என்று கேட்பாள்.

சித்திக்கு மூன்று வயதில் ஒரு மகன். அவனுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் தவிடு. அதற்குக் காரணம் இருந்தது. அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக இவன் பிறந்ததும் முறத்தில் போட்டு, எதிர்வீட்டுப் பூக்கார அம்மாவின் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்குப் பிள்ளை கிடையாது, புருஷனும் இல்லை. அவர் ஒரு படி தவிட்டைக் கொடுத்து இவனை வாங்கிக்கொண்டார். பிறகு சித்தியிடமே திருப்பிக் கொடுத்து, "என் பிள்ளையை நீ வளர்த்துக் கொடு" என்று சொன்னார். எங்கள் பக்கத்து வழக்கம் இது. சித்தியின் பிள்ளையைத் தேடிவரும் எமன், இது அவள் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று திரும்பிப் போய்விடுவானாம்.

"எமன் அவ்ளோ ஏமாளியா சித்தி?" என்று நான் ஒருமுறை கேட்டேன். வாயிலேயே ஒன்று வைத்தாள். சித்தி என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒருதரம்தான்.

ஐந்து வயது நிறைந்து, கோயிலில் மொட்டை போடும்வரை அவன் சித்தியை அம்மா என்று கூப்பிடக்கூடாது. அவனுக்குச் சித்தி 'அக்கா'. பூக்கார அம்மாதான் 'அம்மா'. நாங்களெல்லாம் அவரைத் தவிட்டம்மா என்போம். சித்தி இந்த வேஷத்தை நூலளவும் தவறாமல் கட்டினாள். அவனுக்குப் பழைய சட்டைதான் போடுவாள், நெற்றியில் பெரிய கறுப்புப் பொட்டு வைப்பாள். "ஏ சனியனே, உங்கம்மா உனக்குச் சோறு குடுத்துவிட்டிருக்கா, வந்து கொட்டிக்கோ" என்றுதான் கூப்பிடுவாள். அவனைத் தூக்கிக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. அந்தக் கொஞ்சல் எல்லாம் எனக்குத்தான். என்னை மடியில் போட்டுக்கொண்டு, கன்னம் இரண்டும் எச்சிலாகும்வரை முத்தம் கொடுப்பாள். அவன் சற்றுத் தள்ளி நின்று, விரலைச் சப்பிக்கொண்டு பார்ப்பான். அவனைவிட என்னைத்தான் சித்திக்குப் பிடிக்கும் என்று நான் ரொம்ப காலம் பெருமையாக நம்பிக்கொண்டிருந்தேன். மக்கு.

அன்று மத்தியானம் கொல்லைப்புறத்தில் சித்தி எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் பூ டெம்போ வந்து நின்றது, மூட்டை ஏற்றினார்கள், ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டது. தவிட்டம்மா தினமும் அதில்தான் அத்திபெலேக்குப் பூ விற்கப் போவார். சித்தி எழுந்து கை கழுவி, தட்டில் ரசஞ்சோறு பிசைந்துகொண்டு வாசலுக்கு வந்து வழக்கம்போலக் கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் 'சனியனே' வரவில்லை, வெறும் குரல்தான் வந்தது.

சற்று நேரத்தில் ஊரே வாசலில் கூடிவிட்டது. சித்தப்பாவும் ஆண்களும் கிணறு கிணறாக இறங்கப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் பேச உட்கார்ந்தார்கள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? பிள்ளை பிடிக்கிறவர்கள் வெள்ளை வேனில் வந்ததாக ஒருவர் சொன்னார். வேன் பச்சை என்று இன்னொருவர் திருத்தினார். எங்கேயோ பாலம் கட்டுகிறார்களாம், அதற்குப் பலியாகத் தலைப்பிள்ளை கேட்கிறதாம். இவன் மூன்றாவது பிள்ளை ஆயிற்றே என்று யாரும் யோசிக்கவில்லை. சேதி கேட்டு வேலையிலிருந்து வீட்டுக்கு ஓடிவந்த அம்மா, ஈஜிபுராவிலிருந்து போனில் அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, எங்கள் வீதியில் யார் யார் என்னென்ன சொல்கிறார்கள் என்பதையும் ஒப்பித்தாள். பிள்ளையை ஒருதரம்கூடப் பார்த்திராத ஈஜிபுராவுக்கு, அவன் எந்தக் கிணற்றில் விழுந்தான் என்பதுவரை தெரிந்திருந்தது.

சித்தி மட்டும் படியில் உட்கார்ந்திருந்தாள். சோறு பிசைந்த கையை அவள் கழுவவில்லை. பருக்கைகள் விரலிலேயே காய்ந்துபோயிருந்தன. அவள் அழவில்லை. கூட்டத்தில் ஒருத்தி அதைக் கவனித்து எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்.

"பெத்தவளா இவ? கல்லு கணக்கா உக்காந்திருக்காளே. என்னிக்காவது அந்தப் புள்ளைய ஆசையா தூக்கியிருக்காளா, சொல்லுங்க?"

அதற்கு அடுத்து, யாரோ இன்னொரு திரியைக் கொளுத்திப் போட்டார்கள். "வெலை குடுத்து வாங்கினவளும் காலையிலேருந்து கண்ணுல படலையே. புள்ளையில்லாதவ. எடுத்துக்கிட்டுப் போயிட்டாளோ என்னமோ." சொன்னவளுக்கும் தெரியும், தவிட்டம்மா தினமும் அந்த நேரத்தில் அத்திபெலேக்குப் போவார் என்று. அந்தத் தவிட்டை அளந்து கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவளும் அவள்தான். ஆனாலும் பேச்சு கிடுகிடுவென்று பற்றிக்கொண்டது. ஆளாளுக்குக் கண்ணும் மூக்கும் வைத்தார்கள். டெம்போக்காரர்கள், பால்காரர், போன் வைத்திருந்தவர்கள் எல்லோருமாக அதை அத்திபெலேவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

"அவங்களைப் பத்திப் பேசாதீங்க" என்றாள் சித்தி. அன்று ஊரிடம் அவள் பேசியது அவ்வளவுதான்.

வெயில் தாழ ஆரம்பித்தபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. அத்திபெலே பஸ் ஸ்டாண்டில் ஒரு பொம்பளையைப் பிள்ளையோடு பிடித்து வைத்திருக்கிறார்கள், சிவப்பு டவுசர், நெற்றியில் பெரிய கறுப்புப் பொட்டு என்றான் டிரைவர். சித்தப்பா இன்னும் கிணற்றங்கரையில் இருந்தார். சித்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். காய்ந்த பருக்கை என் மணிக்கட்டில் குத்தியது. வழி முழுக்க அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எந்தச் சாமியைக் கூப்பிட்டாளோ தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் கூட்டமான கூட்டம். விலக்கிக்கொண்டு உள்ளே போனோம். சிமென்ட் பெஞ்சில் தவிட்டம்மா உட்கார்ந்திருந்தார். கொண்டை அவிழ்ந்து, ஜாக்கெட் கை கிழிந்து தொங்கியது. கன்னத்தில் விரல் தடம். மடியில் தவிடு, பாதி கடித்த பன்னோடு, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பெரிய மீசை வைத்த ஏட்டு ஒருவர், கூட்டத்தைத் தடியால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மூட்டை சந்துல தூங்கியிருக்கான் சார். நான் முன்னாடி டிரைவர்கிட்ட உக்காந்திருந்தேன். இறக்கறப்பதான் பாத்தேன். திரும்பக் கூட்டிட்டுப் போகத்தான் பஸ்ஸுக்கு நின்னேன்." தவிட்டம்மா இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. பிள்ளை பிடிக்கிறவள் வேறு எப்படிச் சொல்வாள் என்று கேட்டார்கள். ஏட்டு மட்டும் இல்லாவிட்டால் அன்றைக்கு அவரை உயிரோடு விட்டிருக்கமாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து தவிடு எங்களைப் பார்த்துவிட்டான். இரண்டு கையையும் நீட்டி, "அக்கா" என்று கத்தினான்.

கூட்டம் குழம்பிப்போனது. அழுதுகொண்டு வரப்போகிற பெற்றவளுக்காகத்தான் அவர்கள் காத்திருந்தார்கள். அழாத ஓர் அக்கா வந்து நின்றால் என்ன செய்வார்கள்? ஏட்டு சித்தியை ஏற இறங்கப் பார்த்து, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஏனம்மா, இந்த மகுவோட தாயி நீயா, அந்தம்மாவா? கரெக்டா சொல்லு. எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க."

நான் சித்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். சொல்லு சித்தி, நான்தான்னு சொல்லு. சித்தி வாயைத் திறந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கிழிந்த ஜாக்கெட் கையைப் பார்த்தாள். தவிட்டம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்கதான் சார் அம்மா" என்றாள் சித்தி. "நான் பாத்துக்கிறவ. இன்னிக்கு நான் சரியா பாக்காம விட்டுட்டேன். அவங்கமேல தப்பில்லை."

அப்படியானால் இவளை நாலு போடு என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். வந்ததற்கு யாரையாவது அடித்துவிட்டுத்தானே போகவேண்டும். ஏட்டு அதைக் கவனிக்கவில்லை. சித்தியின் கையில் காய்ந்திருந்த சோற்றையும், பிள்ளையின் நெற்றிப் பொட்டையும், பழைய சட்டையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தவுடா?" என்று கேட்டார்.

கன்னடத்திலும் தவிட்டுக்குக் கிட்டத்தட்ட அதே பேர்தான். சித்தி தலையை மட்டும் ஆட்டினாள்.

ஏட்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "என் பேரு திப்பையா. திப்பேன்னா குப்பைமேடு. எனக்கு முன்னாடி பொறந்தது ஒண்ணும் நிக்கலைன்னு, என்னைக் குப்பையில போட்டு எடுத்தாங்க. இது எல்லாருக்கும் புரியாது. போங்க, அவங்கவங்க வேலையப் பாத்துக்கினு போங்க." பிறகு தவிட்டம்மாவுக்கு ஒரு டீ வாங்கிவரச் சொன்னார்.

ஐந்து வயது நிறைந்ததும் தவிடுக்கு மொட்டை போட்டார்கள். இனிமேல் அம்மா என்று கூப்பிடலாம் என்று எல்லோரும் அவனுக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். அவன் நாக்கு திரும்பவில்லை. இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறான், தாடி எல்லாம் வைத்திருக்கிறான். தினமும் சித்திக்குப் போன் போட்டு, "அக்கா, சாப்ட்டியா?" என்றுதான் கேட்கிறான். தவிட்டம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்தார். மொட்டை அடித்துக் கொள்ளி வைத்தவன் அவன்தான்.

இதெல்லாம் பிற்பாடு நடந்தவை. அன்று சாயங்காலம் எனக்கு இருந்தது கோபம் ஒன்றுதான். அவ்வளவு பேர் பார்த்திருக்க, போலீஸே கேட்டும், சித்தி தன் பிள்ளையைத் தன் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டாளே. இனிமேல் அவன் சட்டப்படி தவிட்டம்மாவுக்குத்தான் சொந்தம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில் சித்தி பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பின் சீட்டில் தவிட்டம்மாவோடு உட்கார்ந்தேன். தவிடு அவர் மடியில் வாயைத் திறந்து தூங்கினான். பாதிப் பன் இன்னும் கையில் இருந்தது. முன் சீட்டில் சித்தி தனியாக இருந்தாள். ஒருதரம்கூட எங்கள் பக்கம் திரும்பவில்லை.

ஆனால் அவளுடைய ஒரு கை மட்டும் சீட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகப் பின்னால் நீண்டிருந்தது. அது துழாவித் துழாவி, தவிடின் பாதம் ஒன்றைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டது. தவிட்டம்மா அதைப் பார்த்தார். பிள்ளையைச் சற்று ஜன்னல் பக்கமாக நகர்த்தி, இன்னொரு பாதத்தையும் அந்தக் கைக்கு எட்டும்படி வைத்தார். ஊர் வரும்வரை அந்தக் கை விடவில்லை. முன் சீட்டில் சித்தியின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

ரோடு சரியில்லை, பஸ் குலுங்குகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.