போங்கா நாலு முறை ஊதினால்

போங்கா ஊதத் தொடங்குவது முதலில் காதுக்குத் தெரியாது. அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி மெல்லக் கிணுகிணுக்கும். அதற்குப் பிறகுதான் லோகோ ஷெட் பக்கமிருந்து அந்தக் கனத்த ஊதல் கிளம்பி, கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுவதையும் நிறைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்து நிற்கும். புனேக்காரர்கள் ஆலைச் சங்கை "போங்கா" என்பார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். ஆலைக்குப் போகிறவர்களுக்கு அது ஷிஃப்ட் மாறுகிற சத்தம். எங்களுக்கோ எங்கேயோ ரயில் தடம் புரண்டிருக்கிறது என்ற செய்தி. இரண்டு ஊதல் என்றால் யார்டுக்குள், மூன்று என்றால் மெயின் லைனில், நான்கு என்றால் ஆட்களுக்கும் அடிபட்டிருக்கிறது. ஊதும்போது யாரும் பேசக் கூடாது, பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும். அம்மா அடுப்படியில் நின்றபடி ஒவ்வொரு ஊதலுக்கும் ஒரு விரலை உயர்த்துவாள், நானும் அக்காவும் அப்பாவும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்பாவுக்கு ரிலீஃப் வண்டியில் வேலை. கவிழ்ந்த பெட்டிகளைத் தூக்கி நிறுத்துகிற நீராவி கிரேன் அந்த வண்டியில் இருந்தது, அதுவும் வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்தான். தாத்தா ஜோலார்பேட்டையிலிருந்து வந்து அதே கேங்கில் சேர்ந்தபோது ரயில் ஒரு கம்பெனிக்குச் சொந்தமாம். பிறகு வெள்ளைக்கார சர்க்காரே எடுத்து நடத்தியது, என்ஜின்மேல் எழுத்தை மாற்றினார்கள், தொப்பியை மாற்றினார்கள். "கம்பெனிக்காரன் ஊதினதத்தான் சர்க்காரும் ஊதுச்சு, அதையேதான் இப்போ நம்ம சர்க்காரும் ஊதுது" என்பார் அப்பா, ஏதோ அவரே காப்பாற்றி வைத்த குடும்பச் சொத்தைப்போல. எனக்கு அந்தப் பெருமை கொஞ்சமும் இல்லை, அந்தச் சத்தத்தை நான் வெறுத்தேன்.

ஊதி முடித்த கால் மணி நேரத்துக்குள் வண்டி கிளம்பிவிடும், அதனால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வேலை. சப்பாத்தியையும் வெங்காயத்தையும் துணியில் முடிந்து கொடுப்பது அம்மா, பூட்ஸைக் கொண்டுவந்து கயிறு கட்டுவது அக்கா, டார்ச்சை எடுத்துக்கொடுப்பது நான். பகலானாலும் டார்ச் இல்லாமல் அவர் கிளம்ப மாட்டார், கவிழ்ந்த பெட்டிக்குள் பகல் ஏது? குக்கரைக்கூட அம்மா விசில் அடிக்கவிட மாட்டாள், கொஞ்சம் சீறியதுமே கரண்டியால் வெயிட்டைத் தூக்கிவிடுவாள், இல்லாவிட்டால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற அப்பா பாதியில் தலையைத் தூக்கி, "எத்தினி?" என்பார். நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வேளை சோறு தின்ற ஞாபகம் எனக்கில்லை.

அக்காவைப் பெண் பார்க்கக் கட்கியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தோட்டாத் தொழிற்சாலையில் வேலை, நல்ல இடம், அக்காவுக்கும் போட்டோ பிடித்திருந்தது. அன்றைக்கு மட்டும் போங்கா ஊதக் கூடாதென்று அம்மா காலையிலேயே மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைத்தாள். வந்தவர்கள் ரவையில் கிண்டிய ஷிராவைக் கையில் வாங்கி, அப்பா பேச வாயெடுத்த நேரம், டம்ளர்கள் கிணுகிணுத்தன.

அம்மாவின் விரல்கள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. நான்காவது உயர்ந்ததும் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்று எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா சப்பாத்தி மூட்டைக்கு ஓடினாள், நான் டார்ச்சுக்கு ஓடினேன், உள்ளே காபித் தட்டோடு காத்திருக்க வேண்டிய அக்கா பட்டுப்புடவையோடு கிரீஸ் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, மாப்பிள்ளையின் எதிரிலேயே தரையில் உட்கார்ந்து அப்பாவுக்குக் கயிறு கட்டினாள்.

"பேச்சு முடியலியே, பொண்ணோட அப்பாவே எழுந்து போனா எப்படிங்க?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

"பொட்டிக்கு அடியில மாட்னவன் நம்ம பேச்சு முடியற வரைக்கும் காத்திருப்பானாங்க?" என்று கேட்டுவிட்டு அப்பா சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவர்களும் ஷிராவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். "இது வூடா, ஃபயர் ஸ்டேஷனா?" என்று மாப்பிள்ளையின் அம்மா படியிறங்கும்போது கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது.

அப்பா திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் கரி. அங்கே என்ன பார்த்தார் என்று ஒருநாளும் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. கட்கிக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்றுகூடக் கேட்காமல் முகம் கழுவப் போனார். அக்கா அவரோடு பேசாமலிருந்தாள். பின்னால் அவளுக்குச் சாங்வியில் ஒரு வங்கி மாப்பிள்ளை அமைந்தார், நாற்காலியை விட்டு எழாத உத்தியோகம் என்று நான் கேலி செய்வேன். ஆனாலும் அப்பா பேச்சு வந்தால் அவள் சொல்வது ஒன்றுதான்: "நாலு வெரலக் காட்டினா பெத்த பொண்ணையே வுட்டுட்டுப் போற ஆளு."

இப்போது அந்த குவார்ட்டர்ஸில் பாதியை இடித்துவிட்டார்கள். நீராவி கிரேன் போய்விட்டது, விபத்தென்றால் போனில் கூப்பிடுகிறார்களாம். அம்மாவும் போன பிறகு அப்பா ஹடப்சரில் என் ஃப்ளாட்டுக்கு வந்தார். காது சுத்தமாகக் கேட்பதில்லை. காது மெஷினைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு, ஜன்னலோரம் போட்ட நாற்காலியில் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்தே இருக்கிறார். நடக்காவிட்டால் கால் விழுந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்தும் நகர மாட்டேனென்கிறார். நான்தான் அறைக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தாள். அடுப்பில் குக்கர் நான்கு விசில் அடித்தது, நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் அப்பா பக்கம் திரும்பினோம். அவர் அசையவில்லை. எந்தச் சத்தத்துக்கு அவர் எழுந்துவிடக் கூடாதென்று சின்ன வயதில் வேண்டினேனோ, அதைக் கேட்டு ஒரு தரம் எழ மாட்டாரா என்று எனக்கு இருந்தது. அக்கா போய், வாங்கியதிலிருந்து அவர் போடாத ஷூவை எடுத்து வந்து, மூட்டுவலியோடு அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு?" என்றார்.

அவள் அவர் முகத்துக்கு நேரே நான்கு விரலைக் காட்டினாள்.

அப்பா அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு ஒரு காலை அவள் முன்னே நீட்டி, நாற்காலிக் கையை ஊன்றிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "டார்ச்சு எங்கடி?" என்றார்.

என் வீட்டில் டார்ச்சே கிடையாது. பட்டப்பகலில் போனின் விளக்கைப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, லிஃப்டைப் பிடிக்க ஓடினேன்.