சனிக்கிழமை வால்

"ராஜையா, தலைக்கு எண்ணெய் தேய்ச்சுண்டு வரதை முதல்ல நிறுத்து. இந்த வால் இன்னொரு தடவை வந்துதுன்னா உன் கன்ஃபர்மேஷன் பேப்பர்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

சொன்னவர் என் மேலதிகாரி மகாதேவன் சார், மாட்டுங்காக்காரர். கேட்டுக்கொண்டு நின்ற நான் தாராவிக்காரன். அறுபதுகளின் நடுவில், செம்பூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் என்.எம்.ஆர். மெஷினுக்கு ஆபரேட்டர். ப்ரொபேஷன் முடிய ஒரு மாதம் இருந்தது. வேலை பெர்மனன்ட் ஆனால்தான் பெண் தருவோம் என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

மெஷின் என்றால் ஒரு பெரிய காந்தம். அதன் நடுவில் சாம்பிள் டியூபைச் சுழலவிட்டால், மூலக்கூறில் ஹைட்ரஜன்கள் எப்படி எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதைப் பேனா சார்ட்டில் பீக் பீக்காக வரைந்து காட்டும். எங்கள் தொல்லை, எதைப் போட்டாலும் சில நாள் எண்ணெய்க்குரிய பீக்குகளும் வால் மாதிரி கூடவே வந்தன. வேரில் எடுத்த மருந்துக்கும் அதே வால், சாயப்பொடிக்கும் அதே வால். ஒரு கெமிஸ்ட் அம்மா தன் மூலக்கூறுக்கு நீளமாக வால் வரைந்து கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டார்.

நான் எண்ணெயை நிறுத்தினேன். முடி குத்திட்டு நின்றது.

"ஏலே, மெஷின்ல கரண்டு கிரண்டு அடிச்சிட்டா? பொண்ணு வீட்டுக்காரன் பாத்தாம்னா ஓடிருவாம்ல!" என்றான் அறைத்தோழன்.

இரண்டு வாரம் தலையைக் காயப்போட்டேன். வால் மட்டும் வந்துகொண்டே இருந்தது. எனக்கு எரிச்சல் பொங்கியது. பழைய சார்ட்டுகளை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். வால் வந்தவை அத்தனையும் சனிக்கிழமை போட்டவை.

என் தேங்காயெண்ணெயை டியூபில் போட்டு ஓட்டினேன். சார்ட்டின் அடியில் ஐந்து பி.பி.எம். என்று குறித்த இடத்தில் பேருக்கு ஒரு மேடு. வாலிலோ அந்த இடத்தில் நல்ல உயரமான பீக். மாட்டுங்கா மார்க்கெட்டில் நல்லெண்ணெய் வாங்கி வந்து ஓட்டினேன். அச்சு அசலாக நம் வால்!

அப்போதுதான் சார் சனிக்கிழமைகளில் கண் சிவக்க வருவது உறைத்தது. எண்ணெய்க் குளியல். டியூப் மூடிகள் வெளிநாட்டுச் சரக்கு என்று அவற்றைப் பூட்டி வைத்துவிட்டு, டியூபின் வாயைத் தன் கட்டைவிரலால் அடைத்துக் குலுக்குவார். சாம்பிளைக் கரைக்க உள்ளே ஊற்றிய கார்பன் டெட்ராக்ளோரைடு விரலில் உள்ள எண்ணெயை அப்படியே வழித்து எடுத்துக்கொள்ளும்.

மூன்று சார்ட்டுகளை அவர் முன் வைத்தேன். "சார், இது என் தலை எண்ணெய். இது நல்லெண்ணெய். இது நம்ம வால்."

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். "நம்ம செக்ஷன்ல யாருடா சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளிக்கறா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று காந்தத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன்.

சார் எழுந்தார். கழுவிய டியூபில் சுத்தமான சால்வென்ட் ஊற்றி, கட்டைவிரலால் அடைத்துக் குலுக்கி என்னிடம் நீட்டினார். "ஓட்டு."

பேனா கொஞ்சமும் தயவு காட்டாமல் மேலே ஏறியது.

சார் சார்ட்டைக் கிழித்து எடுத்தார். சாம்பிள் பெயர் எழுதும் இடத்தில், 'மகாதேவன், வலது கட்டைவிரல்' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். அதைக் கெமிஸ்ட் அம்மாவிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்து, "வாலை வெட்டிடுங்கோ" என்றார். திரும்பி வந்து என் பேப்பரிலும் கையெழுத்துப் போட்டார்.

மெஷினில் உட்காரப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சம்பந்தமில்லாத பீக் வந்தால் முதலில் உங்கள் விரலைச் சோதியுங்கள். அடுத்தவன் தலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.