ஏழு நாள் மருந்து

பொன்மணி தன் நாற்பத்தைந்து வயதில் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். சின்னப் பொய்கள் எத்தனையோ சொல்லியிருப்பாள். குடும்பம் நடத்துகிறவர்களில் யார்தான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பொய்யைச் சொன்ன நாளிலிருந்து அவளால் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்க முடியவில்லை. தங்கச்சி மகள் சடங்குக்குக் காலையில் போய், மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தாள். தங்கச்சி ஆறு மாதம் பேசவில்லை. காரணத்தைச் சொல்லவும் வழியில்லை.

அவள் புருஷன் செண்பகராஜ் நல்ல வேலைக்காரன். அவனோடு சண்டை போடுகிறவர்களும் இதை ஒத்துக்கொள்வார்கள். நல்ல குடிகாரனும்கூட. வேலை செய்யாத குடிகாரனை வைது தீர்த்துவிடலாம். பகலெல்லாம் ரெண்டு ஆள் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் குடித்துவிட்டு வந்து மண்டையை உடைக்கிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பொன்மணிக்குப் பிடிபட்டதே இல்லை. அவள் நெற்றியில் முடிக்குள் மறைந்திருக்கும் தழும்பு ஐந்து தையல் போட்டது.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு முதலாளிக்கு, ஏழு வருடத்துக்கு முன்னால், புதூர்ப் பக்கத்துக் கரிசலில் ஒயின் திராட்சை போடும் ஆசை வந்தது. எட்டு ஏக்கர். ஊரே சிரித்தது. கரிசல் மழைக்கு வீங்கும், கோடைக்கு வெடிக்கும். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்தால் மறுவருடம் தூண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். அவர் விடவில்லை. உப்புத் தண்ணீரைத் தாங்குகிற வேரில் ஒட்டுக்கட்டிய கன்றுகளை வடக்கேயிருந்து லாரியில் இறக்கி, சொட்டுநீர்க் குழாய் ஓட்டி, மூன்றாம் வருடம் காய்க்கவும் வைத்துவிட்டார். கடையில் தொங்குகிற திராட்சை இல்லை இது. சுண்டைக்காய் அளவு, தோல் கெட்டி, உள்ளே விதை. வாயில் போட்டுப் பார்த்த ஊர்க்காரர்கள், இதுக்கா இத்தனை பாடு என்று துப்பினார்கள்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள மஸ்தான் வந்தார். கோவில்பட்டியில் முப்பது வருடம் பழக்கடை வைத்திருந்தவர். "நீங்க போயி ஒயின் தோட்டம் பாக்கலாமா பாய்?" என்று வம்பு வளர்க்கிறவர்களுக்கு அவர் ஒரே பதில் வைத்திருந்தார். "பழம் வரைக்கும்தான் என் சோலி. லாரி ஏறிட்டா அது கம்பெனிக்காரன் சோலி." செண்பகராஜையும் பொன்மணியையும் முதல் நாளே வேலைக்கு எடுத்துக்கொண்டவர் அவர்தான்.

இந்தத் திராட்சைக்கு வருடத்துக்கு இரண்டு கவாத்து, சித்திரையில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. கவாத்து வெட்டிய கையோடு கொடியின் மொட்டுகளில் ஒரு மருந்து தடவவேண்டும். இங்கே நம் கொடிகளுக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. அதனால் மொட்டுகள் தூங்கி எழும்புவதிலும் ஒழுங்கு கிடையாது. மருந்து தடவினால் எல்லாம் ஒன்றாக விழிக்கும். ஆனால் தடவுகிற ஆள் ஏழு நாளைக்குச் சாராயம், பிராந்தி எதையும் தொடக்கூடாது. தொட்டால் முகம் ரத்தமாய்ச் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டிவிடும். நாலு வருடத்துக்கு முன், முதன்முதலாக அந்த மருந்து வந்தபோது, மஸ்தான் எல்லோரையும் நிறுத்திவைத்து இதைச் சொன்னார். செண்பகராஜ் அப்போது வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் குடித்தான். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தான். கண்ணைத் திறந்து, "என்னட்டி ஆச்சு எனக்கு?" என்று கேட்டபோது, அந்த முகத்தில் பொன்மணி அதுவரை பார்க்காத பயம் இருந்தது. அவள் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மருந்து ரத்தத்துல கலந்துட்டாம். இனி வெளிய வராதாம். ஒரு சொட்டு உள்ள போனாலும் அவ்வளவுதானாம். டாக்டர் சொல்லிட்டாவ."

அவ்வளவுதான். செண்பகராஜ் குடியை விட்டான். இப்படி விட்ட ஆளை ஊர் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் கலர் பாட்டிலைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். பதநீர் வேண்டாம் என்றான். இருமல் மருந்து வேண்டாம் என்று ஒரு மாதம் இருமினான். அறுப்பு நேரத்தில் கீழே விழுந்த குலைகள் வெயிலில் நுரைத்து வாடை கிளம்பும். அந்த வரிசையில் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு போவான். தோட்டத்துப் பெண்கள் திரும்பி நின்று சிரிப்பார்கள். பொன்மணியும் சிரித்திருக்கிறாள். வீட்டில் உலை கொதித்தது, மகள் சொர்ணத்தாயைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தார்கள், நெற்றித் தழும்புக்குத் துணையாக இன்னொன்று வரவில்லை. அவளுக்கு அது போதும்.

போதும்தான், ஆனால் அந்தப் பொய்க்குக் காவல் இருக்கவேண்டியிருந்தது. செண்பகராஜ் எட்டாவது வரை படித்தவன். மருந்துக் கேனில் ஒட்டியிருக்கும் தமிழ்த் தாளை ஒவ்வொரு கவாத்துக்கும் அவள் முதல் ஆளாகப் போய் உரித்து அடுப்பில் போட்டாள். கம்பெனி ஆபீசர் விளக்கம் சொல்ல வருகிற நாளில் புருஷனைக் கம்பி வாங்கக் கோவில்பட்டிக்கு அனுப்பினாள். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் தனியாகக் கூப்பிட்டுக் காதில் ஓதினாள். மஸ்தானுக்கு மட்டும் இது ஒப்பவில்லை.

"ஏம்மா, ஒரு மனுசனை இப்படிப் பயங்காட்டியே வச்சிருக்கது பாவமில்லியா?"

"என் மண்டைய ஒடச்சது பாவமில்லியா அண்ணாச்சி?"

மஸ்தான் அதற்கப்புறம் கேட்கவில்லை.

ஐப்பசியில், மருந்து தடவுகிற வாரத்தில், சொர்ணத்தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள் ஐந்து மாதம் இங்கேயே இருந்தாள். அந்த ஐந்து மாதத்தில் செண்பகராஜ் பேத்தியை ஒருநாளும் தூக்கவில்லை. வாசலில் நின்று பார்ப்பான். விரலைச் சொடுக்கிச் சிரிப்புக் காட்டுவான். யாராவது கையில் கொடுக்க வந்தால், சோலி இருக்கு என்று வெளியே போய்விடுவான். பார்க்க வந்த மாமியார் மருமகளிடமே கேட்டுவிட்டாள், பொட்டப்பிள்ளைன்னு ஒங்கப்பாவுக்கு மனசில்லையோ என்று. சொர்ணத்தாய் அன்றைக்கு முழுக்க அழுதாள். பொன்மணிக்கும் அதுதான் சந்தேகம். குடிக்காமல் இருந்தாலும் ஆம்பளைப் புத்தி அப்படித்தான் என்று மனதுக்குள் வைதுகொண்டாள்.

பங்குனி மாதம் அறுப்பு வந்தது. பழத்தில் இனிப்பு ஏறுவதற்காக மூன்று வாரமாகத் தண்ணீரைக் குறைத்திருந்தார்கள். மஸ்தான் தினமும் ஒரு பழத்தைப் பிழிந்து, சின்னக் கண்ணாடிக் குழலில் விட்டு, வெயிலுக்கு நேரே பிடித்து இனிப்பு எத்தனை என்று பார்த்தார். இருபத்துமூன்று வந்ததும் நாள் குறித்தார்கள், வியாழக்கிழமை. சொர்ணத்தாய் ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் போவதாக இருந்தது. "நீயும் வாயேன்மா, ஒரு மாசம் இருந்துட்டு வா. தனியா இவளை வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்" என்று அவள் கேட்காத நாள் இல்லை. பொன்மணி ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொன்னாள். வரமுடியாது என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் அறுப்புத் தொடங்கியது. வெயில் ஏறுவதற்குள் பழம் டிரேயில் இறங்கவேண்டும். எட்டு மணிக்குச் சொர்ணத்தாய் காப்பிக் கேனோடும் குழந்தையோடும் வந்தாள். கொடி நிழலில் சேலையை மடித்து விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு, காப்பி ஊற்றப் போனாள். குழந்தை குப்புற விழப் பழகியிருந்த நேரம். ஒரு புரள் புரண்டது, இன்னொரு புரள் புரண்டது, சேலையை விட்டு மண்ணுக்கு வந்துவிட்டது. அங்கே கரிசல் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. முகம் வெடிப்புக்கு ஒரு சாண் தூரம்.

பக்கத்தில் இருந்தது செண்பகராஜ்தான். மூன்று வரிசை தள்ளி, கம்பிகளுக்கு நடுவே பொன்மணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கத்தரியைப் போட்டுவிட்டு ஓடிப் போய்க் குனிந்தான். கையை நீட்டினான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். தலைத்துண்டை அவிழ்த்து, இரண்டு கையிலும் சுற்றி, அடுப்பிலிருந்து சட்டியை இறக்குகிற மாதிரி குழந்தையைத் தூக்கிச் சேலையில் விட்டான். விட்டுவிட்டுக் கைகளை வேட்டியில் துடைத்தான்.

பொன்மணி கம்பிக்கு அடியில் நுழைந்து வந்தாள்.

"எதுக்குத் துண்டைச் சுத்துனீங்க?"

"மெதுவாப் பேசு." அவன் சொர்ணத்தாய் இருந்த பக்கம் பார்த்தான். "மருந்து ரத்தத்துல கெடக்குன்னு நீதானட்டி சொன்ன. ரத்தத்துல இருக்கது வேர்வையில வராதா? பச்ச மண்ணுட்டி அது."

பொன்மணி குனிந்து குழந்தையின் கன்னத்தில் ஒட்டிய மண்ணைத் துடைத்தாள்.

"ஆசையில்லாமலா நிக்குதேன்னு நெனச்ச?" என்று சொல்லிவிட்டு அவன் கத்தரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம் அவள் எத்தனை டிரே அறுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. நாலு வருடமாக அவன் தனித்தட்டில் சாப்பிட்டது, பாயை நாலு முழம் தள்ளிப் போட்டது, அவள் கையிலிருந்து தண்ணீர்ச் செம்பைக்கூட விரல் படாமல் வாங்கியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. குடியை விட்ட கோபத்தில் தன்னை ஒதுக்குகிறான் என்றல்லவா அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வெட்கமாக இருந்தது. சொல்லிவிட்டால் குழந்தையைத் தூக்குவான்; பாட்டிலையும் தூக்குவான். சொல்லாவிட்டால் பேத்தி ஞாயிற்றுக்கிழமை போய்விடும், ஒருதடவைகூட அவன் மடியில் இருக்காமல். பாதிப் பொய் சொன்னால் என்ன என்றும் யோசித்தாள். சோப்புப் போட்டுக் கழுவினால் கை சரியாகிவிடும், குடிக்கு மட்டும் தடை என்று சொல்லலாம். அப்படி ஒரு புதுப் பொய்யையும் சேர்த்துக் காவல் காக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

மத்தியானம் லாரி கிளம்பியதும் பம்புசெட் நிழலில் வைத்துச் சொன்னாள்.

"ஏழு நாளுதான். மருந்து ஏழு நாளைக்குத்தான். டாக்டர் ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

செண்பகராஜ் கையிலிருந்த பீடியைக் கீழே போட்டான்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"மஸ்தான் அண்ணாச்சிக்கு?"

"அவியளுக்கும் தெரியும்."

"நாலு வருசமா," என்றான், "நாளைக்கு எந்திப்பேனா மாட்டேனான்னு நெனச்சுக்கிட்டேதானட்டி படுத்தேன்."

அடிப்பான் என்று நினைத்து அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவன் அடிக்கவில்லை. குழாயைத் திறந்து கை கழுவினான். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. திரும்பத் திரும்பப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்தான்.

வீட்டுக்குப் போய் நேராகத் தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்தான். சொர்ணத்தாய் ஓடிவந்து, அம்மாவைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, அழுதுகொண்டே போனில் படம் பிடித்து மாமியாருக்கு அனுப்பினாள். குழந்தை அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. செண்பகராஜ் அழுதான். பொன்மணி கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது பார்த்ததில்லை. அந்த ஒரு சாயங்காலத்துக்காக என்ன வந்தாலும் வரட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"சொர்ணம், என்னைக்குட்டி பஸ்சு?"

"ஞாயித்துக்கிழமைப்பா. இன்னும் மூணு நாள் இருக்கு."

"மூணு நாளு," என்றான். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான். சொர்ணத்தாய் பால் காய்ச்ச உள்ளே போனதும் பொன்மணியிடம் மெதுவாகச் சொன்னான்.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் பயமில்ல. இவ கையில இருக்கா. திங்கக்கிழமைய நெனச்சாத்தான் எனக்கு ஒரு மாதிரி வருது."

பொன்மணி குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றான் செண்பகராஜ். கோபமாகச் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து சொர்ணத்தாய், நீயும் எங்ககூட வாயேன்மா என்று மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை பொன்மணிக்குச் சாக்குச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அடுத்த கவாத்துக்கு, மருந்து தடவி அவன் குடிக்கமுடியாமல் போகிற நாளுக்கு, எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு நாள் வந்தது.