எந்த நியூட்ரல்?

ஆரணியில் ஒரு பட்டுச் சாயப்பட்டறையில் ஆபீஸ் வேலை பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். ஆங்கில மெயிலுக்குப் பதில் எழுதுவது, வெளியூர் கம்பெனிகளோடு போனில் பேசுவது என் பொறுப்பு. முதலாளிக்கும் ஆங்கிலம் வரும். எந்தக் கேள்வியையும் ‘எஸ் மேடம்’ என்று முடித்துவைக்கிற ஆங்கிலம்.

கார்பன், எமிஷன், நெட் ஜீரோ எல்லாம் இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லித்தருகிறார்களாம். எங்களுக்கு அவை வந்து சேர்ந்த விதம் வேறு.

1. போன்

நான் தேசூரில் ஒரு சர்ச் கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று பெங்களூரிலிருந்து போன் வந்தது. வெளிநாட்டுக்குப் பட்டு அனுப்பும் கம்பெனி. ஆடி மாதம், பட்டறையில் பாதித் தொட்டி காய்ந்து கிடந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால்தான் யாரையும் நிறுத்தாமல் ஓட்டலாம் என்ற நிலை. கம்பெனி அம்மா கடைசியாக, “ஆர் யூ நியூட்ரல்?” என்று கேட்டிருக்கிறார். முதலாளி, “எவ்ரி லாட் நியூட்ரல் மேடம், ஹண்ட்ரட் பர்சன்ட்” என்றிருக்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுப்போம். சாயம் ஏற ஆசிட் சேர்ப்போம். கடைசி அலசலில் காரமும் இருக்கக் கூடாது, அமிலமும் இருக்கக் கூடாது. இருந்தால் தறியில் இழை அறும், நெய்கிறவர் நம் பரம்பரையையே இழுப்பார். அதனால் சாய மாஸ்டர் ஒவ்வொரு லாட் நூலிலும் லிட்மஸ் பேப்பரை நனைத்துப் பார்த்து, “நியூட்ரல்” என்று குரல் கொடுப்பார். எங்களுக்குத் தெரிந்த நியூட்ரல் அதுதான்.

2. டேக்

அடுத்த வாரம் கூரியரில் ஒரு சாம்பிள் டேக் வந்தது. ஒவ்வொரு புடவையிலும் கட்டவேண்டியது. எங்கள் பட்டறையின் பெயர், அதன் கீழே தங்க எழுத்தில் ‘கார்பன் நியூட்ரல் சில்க்’.

“கார்பன் பேப்பரா மேடம்?” என்று என்னைக் கேட்டார் மாஸ்டர்.

“இல்லங்க, புகை. நாம எரிக்கிற விறகு, ஜெனரேட்டர் டீசல், கரண்ட், லாரி எல்லாத்தாலயும் காத்துல சேர்ற கரியமில வாயு. அப்படி வெளிய விடறதுக்கு எமிஷன்னு பேரு. மொத்தத்தையும் கூட்டினா கார்பன் ஃபுட்பிரிண்ட். அதுக்கு ஈடா வேற எடத்துல மரம் வளர்க்கிற மாதிரி ஏதாவது செஞ்சா ஆஃப்செட்.”

“ஆஃப்செட்டா? அது கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸாச்சே.”

“இது வேற. விட்டதும் ஈடு கட்டினதும் சரியாப் போச்சுன்னா கார்பன் நியூட்ரல்.”

மாஸ்டர் ஜன்னல் வழியாக பாய்லர் சிம்னியைப் பார்த்தார். “அது விட்டுகினே கீதே மேடம். ஈடு எங்க கட்டினோம்?”

முதலாளி டேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அவங்களா போட்டுகினாங்க. நாம எதுக்கு வாயத் தொறக்கணும்?” என்றார்.

“டேக்ல நம்ம பேரு இருக்கு முதலாளி. நாளைக்கு யாராச்சும் வந்து பாய்லரைக் காட்டுன்னா?” என்றேன்.

அவர் எழுந்து வாசல்வரை போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். “பேஜாராப் போச்சு. போன் போடுங்க எஸ்தரம்மா. நானே சொல்றேன்.”

அவர் தமிழில் சொன்னார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நாங்கள் சொன்ன நியூட்ரல் நூலுக்கு, சிம்னிக்கு இல்லை. அந்த அம்மா கோபப்படவில்லை. “எதில் நியூட்ரல் என்று நானும் கேட்டிருக்க வேண்டும். முதலிலேயே தெரிந்திருந்தால் இந்த டேக் கேட்காத ஆளுக்கு வாங்கியிருப்பேன்” என்றார். ஆனால் வெளிநாட்டுக்காரருக்கு அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த வாரமே ஆர்டர் ரத்தானது.

3. பாய்லர்

வேலை குறைந்ததும் பாய்லரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஏற்றினார்கள். பாய்லர் ஆள் ஏழுமலையை நிறுத்தினார்கள். சந்தவாசலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். போவதற்கு முன் ஆபீசுக்கு வந்து நின்றார்.

“புகை வருதுன்னு உண்மையச் சொன்னதாலதான் என் வேலை போச்சுன்றாங்க. மெய்யா மேடம்?”

“இல்லங்க. இன்னான்னு கேக்காம எஸ்னு சொன்னதால.”

“சொன்னது முதலாளிதானே?”

“ஆமாங்க.”

“அவருக்கு ஒண்ணும் போவலயே.”

எனக்கு மனசு கஷ்டப்பட்டது, இப்போது எழுதும்போதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஏழுமலை இன்று ஒரு ரைஸ் மில்லில் இருக்கிறார். அங்கேயும் பாய்லர்தான், விறகுக்குப் பதில் உமி.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். புதுச் சொல் ஒன்று வந்தால், தெரிந்த சொல்லாகவே காதில் விழுந்தாலும், “எந்த நியூட்ரல்?” என்று ஒருமுறை கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், நீங்கள் சொல்லப்போகும் ‘எஸ்’ஸுக்கு விலை கொடுக்கிறவர் அந்த நேரம் பாய்லரில் விறகு போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.