மெர்சி கட்டிய வேப்பஞ்சேலை

ஆந்திரா பார்டரிலிருந்து சோழவரம் ஏரி வரைக்கும் மெர்சியைப் போல வேப்பிலை கட்டுகிற ஆள் பிறந்ததும் இல்லை, பிறக்கப் போவதும் இல்லை. அவள் சணலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேப்பமரமே பயந்துபோய்த் தானாகக் கொப்பை ஒடித்துக் கொடுத்துவிடும். அமெரிக்காக்காரன் ராக்கெட் விடுவதை ஒரு வாரம் நிறுத்திவைத்து, அந்தப் பத்து விரலையும் ஆராய்ச்சி செய்ய வரப்போகிறான் என்று பேச்சு.

இதில் வேடிக்கை, மெர்சி அல்லேலூயாக்காரி. பொட்டு கிடையாது, பூ கிடையாது. தினமும் விடியும்போது முழங்கால் போட்டுத் தெருவில் உள்ள எல்லார் பேரையும் சொல்லி ஜெபம் பண்ணுவாள். சில உருப்படாத பயல்கள் பேரும் அதில் உண்டு. கர்த்தர் இன்னும் அந்த வரிசைக்கு வரவில்லை போலிருக்கிறது.

ஆடி மாதத்து ஞாயிறுகளில், கும்மிடிப்பூண்டியில் முதல் ஆராதனை முடிந்த கையோடு, பைபிள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பெரியபாளையம் போவாள். பவானியம்மன் கோயில் பக்கம் குப்பம்மாளின் கடை. வேண்டிக்கொண்டவர்கள் உடம்பில் சுற்றிக்கொண்டு கோயிலை வலம் வருகிற வேப்பஞ்சேலையை அங்கே சாயங்காலம் வரை கட்டுவாள். கூலி வாங்க மாட்டாள்.

எல்லாம் குப்பம்மாளின் மகள் சுமலதாவுக்காக.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சிப்காட்டில் ஒரே கம்பெனி, ஒரே லைன். கம்பெனி பஸ்ஸில் சுமலதா முதலில் ஏறி ஜன்னலோரம் பிடித்துவிடுவாள். மெர்சி ஏறியதும் பக்கத்து சீட்டைத் தட்டி, "குந்துமே மெர்சி" என்பாள். அந்த இரண்டு வார்த்தையில்தான் மெர்சிக்குப் பொழுது விடியும்.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஒருநாள் மெர்சி ஒளித்துக் கொண்டுபோனாள். ஊத்துக்கோட்டையிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனவன் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். அன்றைக்கென்று திடீர் செக்கிங். மெர்சி பயத்தில், பக்கத்தில் தொங்கிய சுமலதாவின் சாப்பாட்டுப் பையில் போனைப் போட்டுவிட்டாள்.

செக்யூரிட்டி பையைக் கவிழ்த்தார். ரோஸ் கலர் கவர் போட்ட போன் டிபன் பாக்ஸோடு வந்து விழுந்தது. அது யாருடையது என்று சுமலதாவுக்குத் தெரியும். தலையைத் தூக்கி மெர்சியை ஒரு பார்வை பார்த்தாள். சொல்லு என்கிற பார்வை. மெர்சி தரையைப் பார்த்தாள். சுமலதாவும் காட்டிக்கொடுக்கவில்லை. கழுத்திலிருந்த ஐ.டி. கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். வேலை போயிற்று. ஊத்துக்கோட்டைக்காரன் கடைசிவரை கூப்பிடவே இல்லை என்பது தனிக் கூத்து.

இரண்டு வருஷம் மெர்சி வாயைத் திறக்கவில்லை. ஒரு திருவிருந்து ஞாயிறு, குற்றத்தை மறைத்துக்கொண்டு தொடக் கூடாத அப்பத் தட்டு அவள் முன்னால் வந்தபோது கை நீளவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள். மறுநாள் கம்பெனி ஆபீசரிடம் உண்மையைச் சொன்னாள். "அந்த ஃபைல் எப்பவோ முடிஞ்சுபோச்சும்மா" என்றவர், அவள் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். சுமலதாவுக்கு வேலை திரும்பவில்லை. மெர்சி இப்போது ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள்.

அந்த ஆடியில்தான் முதல் தடவை பெரியபாளையம் போனாள். கடை வாசலில், கூட்டத்துக்கு நடுவே, அத்தனையையும் சொன்னாள். சுமலதா தலை தூக்காமல் இலை கட்டிக்கொண்டிருந்தாள். குப்பம்மாள்தான் பேசினாள்.

"சொல்லிட்டல்ல? இன்னும் இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற? யாவாரத்த மறைக்காத."

"நானும் கட்டட்டுமாம்மா?"

"அல்லேலூயாவுக்கு வேப்பில கட்டத் தெரியுமா?"

"தெரியாது. கத்துக்கிறேன்."

அவள் கட்டிய முதல் சேலை கோயிலைப் பாதி சுற்றுவதற்குள் அவிழ்ந்துவிட்டது. நல்லவேளை, அதைச் சுற்றியிருந்த அம்மா உள்ளே நைட்டி போட்டிருந்தாள்.

விஷயம் சபைக்குத் தெரிந்தது. பாஸ்டர் பாக்கியநாதன் கூப்பிட்டு விசாரித்தார். "சிஸ்டர், நீங்க யார் வாசலுக்குப் போறீங்கன்னு தெரியுதா?"

"சுமா வாசலுக்கு, பாஸ்டர். மொதல்ல போய் மனத்தாங்கல் உள்ளவங்களோட ஒப்புரவாவணும், அப்பறந்தான் காணிக்கன்னு நீங்கதான பிரசங்கம் பண்ணீங்க?"

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வாரத்திலிருந்து முதல் ஆராதனையில் பிரசங்கம் பத்து நிமிஷம் குறைந்தது. மெர்சிக்குப் பஸ் கிடைக்கட்டும் என்று. அதற்காக அவளுக்கு ஸ்தோத்திரம் சொல்லாத ஆள் சபையில் இல்லை.

இது நாலாவது ஆடி. இன்றைக்கும் மெர்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டாள். இடம் காலியாக இருந்தாலும் தள்ளித்தான் உட்காருவாள். கடையில் அவளுக்கும் சுமலதாவுக்கும் நடுவே ஒரு கொப்புக் குவியல். அதைத் தாண்டி ஒரு வார்த்தை வந்ததில்லை. மன்னிப்புக்கூட அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "குந்துமே." அந்த ஒன்றுதான் வேண்டும்.

போன ஞாயிறு ஆடி கடைசி வாரம். மெர்சி போய் நின்றதும் சுமலதா பக்கத்தில் இருந்த சாக்கைத் தட்டினாள். "குந்துமே மெர்சி" என்று சொல்லிச் சிரித்தாள். மெர்சி அழுதாள். கோயில் பம்பைகூட ஒரு அடி தப்பி அடித்தது.

அவள் தெருக்காரனான நான், இதுவரை எழுதியதை மெர்சியிடமே படிக்கக் கொடுத்ததுதான் தப்பாகப் போயிற்று. கேன்டீன் வாசலில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முழுசாகப் படித்தாள்.

"இன்னாடா இது?"

"உன் கததான்க்கா."

"மொதல்ல பொய்யி, கடைசிலயும் பொய்யி."

"மொதல்ல எழுதுனது சும்மா கெத்துக்குக்கா."

"அது இருக்கட்டும். அமெரிக்காக்காரன் வரமாட்டான்னு எல்லார்க்கும் தெரியும். கடைசில கீது பாரு, அத நம்பிடுவாங்க. அவ கூப்டல. சிரிக்கல."

"எப்டியும் கூப்டுவாங்கக்கா. கொஞ்சம் முன்னாடியே எழுதிட்டேன்."

"கூப்டறப்போ எழுது. அவ பேர்ல ஏற்கெனவே ஒரு பொய்ய ஏத்திட்டுதான் நான் அலயிறேன். நீ வேற ஏத்தாத."

"அப்ப இன்னாதான்க்கா நடந்துது?"

மெர்சி தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"என்கிட்ட சணல் தீந்துபோச்சு. நான் கேக்கல. அவளோட சணல் உருண்டைய எம் பக்கம் உருட்டி உட்டா. அவ்ளோதான். அத எழுது."

"அது போதுமாக்கா?"

"போதாது. ஆனா நடந்தது அதான்."