உடைந்த தாழ்ப்பாள்

அக்டோபர் 11, சனிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். தேநீர், மாத்திரை, பிறகு துணிக்கூடையுடன் அடித்தளத்துக்கு இறங்கினேன். வியன்னாவில் எங்கள் குடியிருப்பின் துணி துவைக்கும் அறைக்கு முறை உண்டு; நமக்குரிய வேளையில் மட்டுமே நம் சாவி அதைத் திறக்கும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது எனக்கு விநோதம்தான். நகராட்சியே கட்டி, தாங்கக்கூடிய வாடகைக்கு விடும் இத்தகைய குடியிருப்பை இங்கே ‘கெமைண்டபாவ்’ என்பார்கள். பேருந்து ஓட்டுநரும் பள்ளி ஆசிரியையும் ஒரே படிக்கட்டில் ஏறுகிறார்கள்.

துவைத்து முடித்து வெளியே வந்தபோது, அடுத்த முறைக்காரரான ஹெல்கா அம்மையார் காத்திருந்தார். ஊரில் வீடு உண்டா என்றார். கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது என்றேன்.

“கூரை ஒழுகுகிறதா?”

“இல்லை, நல்ல வீடு.”

“அடடா, வாங்க ஆள் கிடைக்கவில்லையா?”

திரும்பிப் போனால் குடியிருக்க வைத்திருக்கிறோம் என்று என் ஜெர்மனில் விளக்கினேன். அவரோ நாங்கள் அடுத்த மாதமே கிளம்புகிறோம் என்று எண்ணி, என் கையைப் பிடித்து விடைகொடுத்தார்.

மேலே வந்ததும் கௌரியின் வீடியோ அழைப்பு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்க்கும் அவள், வார விடுமுறையில் எங்கள் வீட்டைத் திறந்து பெருக்கி, ஒவ்வோர் அறையாகக் காட்டுவாள். இரண்டு படுக்கையறைகளில் ஒன்றை மட்டும் காட்ட முடியாது. கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிய கட்டிலையும் உறை பிரிக்காத மெத்தையையும் உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை இங்கே கொண்டுவந்துவிட்டோம். போன வருடம் அவள் வீட்டை வாடகைக்குக் கேட்டாள். நாங்கள் வந்தால் எங்கே தங்குவது என்று மறுத்துவிட்டேன்.

அன்று குளியலறையைக் காட்டியபோது என் கண்ணில் முதலில் பட்டது ஈரம்.

“இன்னா கௌரி, தரை ஈரமா கீது? யாரு குளிச்சது?”

படம் ஆடியது. “பொண்ணுதாண்ணா. லைன் ஊட்டுல எல்லாருக்கும் ஒரே பாத்ரூம். தாப்பா வேற உடைஞ்சி போச்சி. நான் வாசல்ல நின்னுக்கினு இருந்தாதான் குளிப்பா. எனக்கு நைட் ஷிப்ட்டுன்னா பேஜாரு. மோட்டார்கூட போடலண்ணா, டேங்க்ல இருந்த தண்ணிதான்.”

பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது: “வேணும்னா தெருப் பைப்புல புடிச்சாந்து ரொப்பிடறேன்னு சொல்லும்மா.”

பரவாயில்லை என்று முணுமுணுத்து அழைப்பை முடித்தேன்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த பழைய கட்டடத்தில் கழிப்பறை படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்தது. அந்தத் தளத்துக்கே பொது. மனைவி என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போவாள். நகராட்சியின் இந்த வீடு கிடைத்த அன்று அவள் முதலில் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். வெகுநேரம் வரவில்லை. தட்டினேன். “சும்மாதான் உக்காந்துக்கினு கீறேன்” என்றாள். அந்தத் தாழ்ப்பாளை எங்களுக்குக் கொடுத்தவர்கள் எங்கள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. நானோ கௌரியை ஆண்டுக்கணக்கில் அறிந்தும், யார் குளித்தது என்று கேட்டேன்.

மதியம் அவளை அழைத்து, குடிவரச் சொன்னேன். லைன் வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையே போதும். பூட்டிய அறை மட்டும் எங்களுக்கு இருக்கட்டும். “நெசமாவாண்ணா?” என்று அழுதாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு போனை வைத்தேன்.

“அவளும் அவ மூணு புள்ளைங்களும் ஒரே ரூம்ல நெருக்கிக்கினு படுக்கணும், நம்ம மெத்த மட்டும் தனி ரூம்ல படுக்கணுமா?” என்றாள் மனைவி.

மறுநாள் காலை, தேநீருக்கும் முன்னால், கௌரியை அழைத்து அந்தப் பூட்டை உடைக்கச் சொன்னேன். “நல்ல பூட்டுண்ணா” என்று தயங்கினாள். சுத்தியல் சத்தம் கேட்கும்வரை நான் போனை வைக்கவில்லை. பிறகு, துவைக்கும் அறைச் சாவி இருக்கும் வளையத்திலிருந்து அந்த அறையின் சாவியைக் கழற்றினேன். இனி அது எதையும் திறக்காது. சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மறுபடியும் அதே வளையத்தில் மாட்டினேன்.